டிசம்பர் கடைசி வாரம்: அரையாண்டு விடுமுறையைக் கழிக்கும் வழிகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் 23ஆம் தேதியையொட்டி முடிகிறது. அதற்குப் பின் வரும் விடுமுறை ஜனவரி முதல் வாரத்தோடு சரி. 2024இல் 9 நாள் கிடைத்தது. சில ஆண்டுகளில் 12 நாள் வரை நீளும். இந்த நாட்களில் கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் மட்டுமே அனைவருக்குமான அரசு விடுமுறை. நடுவில் பள்ளி மூடியிருக்கும், அலுவலகம் நடக்கும். ஆகவே குடும்பத்தோடு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பெற்றோரின் விடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. டிசம்பர் 31க்குள் எடுக்காத நாள் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேராது. மிச்சம் வைத்தவர்கள் எல்லோரும் கடைசி வாரத்தில்தான் விண்ணப்பத்தோடு வருவார்கள். மாதத்தின் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்தவருக்கே கேட்ட நாள் கிடைக்கும்.

கோடை விடுமுறையைவிட இது மிகச் சிறியது. ஆனால் வெளியே நடமாட இதைவிட நல்ல காலம் தமிழ்நாட்டில் இல்லை. மே மாதத்தில் காலை 10 மணிக்கே வெயில் வீட்டுக்குள் விரட்டிவிடும். டிசம்பர் கடைசியில் சென்னையில்கூட வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி குளங்கள் நிரம்பி, டெல்டாவில் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும் நேரம். சூரியன் உதிக்கவே 6.30 மணி ஆகிவிடுவதால், விடியலில் பார்க்க வேண்டியவற்றுக்கு நடுச்சாமத்தில் எழ வேண்டியதில்லை. மாலை 6 மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் பகல் பொழுது சுருக்கம். காலையை நன்றாகச் செலவிட்டால் அந்த நாள் நிறைந்த நாள். மதியம் உறக்கத்துக்கும் ஓய்வுக்கும் போகட்டும். இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகளில் பல இந்தக் கணக்கில் அமைந்தவை.

மழை முழுவதும் விலகிவிட்டது என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடற்கரை, அருவி, மலைப்பாதை மூன்றுக்கும் கிளம்புமுன் வானிலை மையத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம்.

பயணம்: எவ்வளவு தூரம், எத்தனை நாள்

பத்து நாள் விடுமுறையில் ஒரே ஒரு வெளியூர்ப் பயணம் போதும். அதிலும் இரண்டு இரவுக்கு மேல் தங்கத் திட்டமிட்டால் போக வர ஆகும் நேரமும் களைப்பும் விடுமுறையைத் தின்றுவிடும். டிசம்பர் 24 மாலையும் ஜனவரி 1 மாலையும் பேருந்து நிலையங்கள் நிரம்பி வழியும் நேரங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் போக வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை. மற்றவர்கள் 26 அல்லது 27ஆம் தேதி காலையில் கிளம்பி 30ஆம் தேதிக்குள் திரும்பிவிடுவது நல்லது.

ரயிலில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பாகத் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. டிசம்பர் 24ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 25 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தென்மாவட்ட ரயில்களில் இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தவறவிட்டவர்களுக்குத் தட்கல் இருக்கிறது: பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு, 11 மணிக்குத் தூங்கும் வசதிப் பெட்டி.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். இந்த வாரத்தில் இரண்டும் அளவுக்கு மீறி நிரம்பும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இரண்டு இடங்களுக்கும் வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும். கட்டணம் கிடையாது, இணையத்தில் பதியலாம், ஆனால் அடிவாரச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியில் பதிவது தொல்லை. வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். இவ்வளவு கூட்டத்திலும் ஊட்டிக்குப் போக ஒரு நல்ல காரணம் உண்டு: உறைபனி. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் விடியலில் வெள்ளையாகக் கிடக்கும். முந்தைய இரவு மேகமில்லாமல், காற்று அடங்கியிருந்தால்தான் அது படியும். வெயில் ஏறியதும் கரைந்துவிடும் என்பதால், 9 மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புபவர்களுக்கு வெறும் ஈரப் புல்தான் மிஞ்சும்.

நீலகிரி மலை ரயில் 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கியது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு 5 மணி நேரம் அளவில் ஆகும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்வரிசையைப் பற்றிக்கொண்டு வண்டி ஏறுவதுதான் பார்க்க வேண்டியது. மழைக்காலத்தில் மண் சரிந்து இந்தப் பகுதியில் ரயில் நிறுத்தப்படுவது வழக்கம். குழந்தைகளிடம் உறுதியாகச் சொல்லிவைக்காமல் இருப்பது பெற்றோருக்கு நல்லது. முழுப் பயணத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மட்டும் போகலாம். பல்வரிசை இல்லையென்றாலும் தேயிலைச் சரிவுகளும் குகைப்பாதைகளும் உண்டு.

நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு மலைவாசத்தலத்தைவிடத் தாத்தா பாட்டி ஊர் மேல். டெல்டா கிராமமாக இருந்தால் வயல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும் பருவம் இது. ஓர் எச்சரிக்கை: கிணறும் குளமும் வாய்க்காலும் கரை தொட நிரம்பியிருக்கும். கோடையில் இடுப்பளவு நீர் இருந்த இடம் என்ற பழைய நினைப்பில் பிள்ளைகள் இறங்குவார்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே நிற்காமல் யாரையும் தண்ணீரில் விடக் கூடாது.

பறவை பார்த்தல்

இந்த விடுமுறைக்கென்றே அமைந்த பொழுதுபோக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பறவை பார்ப்பதுதான். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் உள்ளூரில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளும் ஒரே நேரத்தில் தமிழ்நாட்டு ஏரிகளில் கூடும் மாதங்களில் டிசம்பரும் ஒன்று. செலவும் குறைவு.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஏரி பெரிதல்ல, 30 ஹெக்டேர்தான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, சுற்றுவட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்களைத் தடுத்துக் காத்துவந்த இடம் இது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கலெக்டரிடமே அதற்கு உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். நீரில் நிற்கும் மரங்களின் கிளைகளில் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகியவை அடுத்தடுத்துக் கூடு வைத்திருக்கும். கரையிலுள்ள நடைபாதையிலிருந்தே குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்க முடியும். காலை 6.30 முதல் 8.30 வரை இரை தேடிக் கிளம்பும் கூட்டம். மாலை 4 மணிக்குமேல் திரும்பும் கூட்டம். நடுப்பகலில் போனால் கூட்டில் அமர்ந்திருப்பவை மட்டும் தெரியும். பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டு பறவைகள் வராமலே போவதுண்டு, ஆகையால் அந்த ஆண்டின் நிலவரத்தைக் கேட்டறிந்து கிளம்ப வேண்டும்.

தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக் கூடாதென்று ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் பூநாரைகளோடு வெளிமான்களையும் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து ராம்சர் ஈரநிலப் பட்டியலில் முதலில், 2002இல், இடம்பெற்றது அதுதான். சென்னைக்காரர்கள் ஊரைத் தாண்டாமலே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பல வகை வாத்துகளையும், வாய்த்தால் பூநாரையையும் காணலாம். பழவேற்காட்டிலும் பூநாரைகள் உண்டு. ஆனால் அங்கே படகு ஆசை கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர்காப்பு மேலாடை தராத எந்தப் படகிலும், எந்த ஊரிலும் ஏறக் கூடாது.

எங்கும் போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாலாட்டிகள் வெற்றிடங்களில் ஓடும். மரம் அடர்ந்த பூங்காக்களில், காலையும் மாலையும் 6 மணியையொட்டிக் கூவும் ஆறுமணிக் குருவி தங்கியிருக்கும். பளிச்சென்ற பல நிறங்களைப் பூசிக்கொண்ட பறவைதான், ஆனால் தரையில் சருகுக்குள் பதுங்கியே திரிவதால் குரல் கேட்கும் அளவுக்கு உருவம் தெரியாது.

தொடங்குவோருக்கு 8×42 அளவு பைனாகுலர் ஏற்றது. உருப்பெருக்கம் இதைவிடக் கூடினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதை வாங்குமுன் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வாங்குவது இன்னும் நல்லது. நேரம், இடம், பறவையின் அளவு (காகத்தைவிடப் பெரிதா, மைனாவைவிடச் சிறிதா), அலகு, கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று அங்கேயே குறித்துவிட்டால் பெயரை வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். முனைவர் க. ரத்னத்தின் தமிழ்நாட்டுப் பறவைகள் பற்றிய நூல் தமிழ்ப் பெயர்களுக்கு உதவும்.

விடுமுறையில் பறவைகளை எண்ணும் பழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து போய், யார் அதிகம் சுட்டுவீழ்த்துவது என்று பார்க்கும் வேட்டைப் போட்டி ஒன்று இருந்தது. சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்று ஃபிராங்க் சாப்மேன் என்னும் பறவையியலாளர் 1900இல் சொன்னார். அந்த டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். இன்றுவரை அது ஆண்டுதோறும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிய 4 நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்டதை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் யாரும் பங்கேற்கலாம். டிசம்பர் விடுமுறையில் பழகிய பிள்ளைக்கு ஜனவரியில் பெயர்கள் நாக்கில் வரும்.

மார்கழியும் கச்சேரியும்

டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடுகிறது. சென்னையின் இசை விழாக் காலமும் அதுவே. அதற்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் நேரடி உறவு உண்டு. வக்கீல்களுக்கு நீதிமன்ற விடுமுறை கிடைக்கும் வாரம் என்பதால் காங்கிரஸ் தன் ஆண்டு மாநாட்டை டிசம்பர் கடைசியில் கூட்டுவது பழைய வழக்கம். 1927இல் சென்னையில் கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் தீர்மானத்திலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 1 வரை அகாடமியிலும், அதற்கு முன்னும் பின்னுமாக நகரமெங்கும் பல சபாக்களிலும் கச்சேரிகள் நடக்கின்றன.

புதிதாகக் கேட்க வருபவர் பெரிய வித்வானின் மாலைக் கச்சேரிக்குப் பணம் கட்டித் தொடங்க வேண்டியதில்லை. பல சபாக்களில் நண்பகலிலும் பிற்பகலிலும் இளங்கலைஞர்களின் கச்சேரி இலவசம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இருக்கையும் தாராளமாகக் கிடைக்கும். காலை 8 மணிக்கு அகாடமியில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளுக்கும் கட்டணமில்லை, ஆனால் அவை ஓரளவு கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் சுவைக்கும். தமிழ்ப் பாடல்களை மட்டுமே கேட்க விரும்புவோர் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் விழாவுக்குப் போகலாம்.

கச்சேரியின் அமைப்பு தெரிந்தால் சலிப்பு குறையும். வர்ணத்தில் தொடங்கும்; சில நடுத்தரக் கீர்த்தனைகள் வரும்; பிறகு ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரத்தோடு ஒரு பெரிய உருப்படி. அதன் முடிவில் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடாக்கள். பிள்ளைகளைக் கட்டிப்போடுவது தனி ஆவர்த்தனம்தான்: மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும். பெரியவர்கள் எழுந்து கேன்டீனுக்குப் போகும் நேரமும் அதுவாகவே இருப்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். வாசிக்கிறவருக்கு அதைவிட அவமரியாதை இல்லை. வெளியே போவதென்றால் இரண்டு உருப்படிகளுக்கு இடையில் போக வேண்டும். ஆதி தாளத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுத்து அழைத்துப் போகலாம்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பின் தட்டும் வீச்சும் இரண்டு முறை, ஆக 8. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை எப்போது முடியும் என்று கேட்பதில்லை.

சபா கேன்டீன்களில் சாப்பிட டிக்கெட் தேவையில்லை. பலர் அதற்காகவே வருகிறார்கள். பிற்பகல் சிற்றுண்டி நேரத்தில் வரிசை நீளம். 11 மணிக்கே சாப்பாட்டுக்குப் போனால் அவ்வளவு இருக்காது. நாட்டியத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியிலும் தொடர்கிறது. பகலில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு மாலையில் திறந்தவெளியில் ஆட்டம் பார்க்கலாம். கடற்காற்று குளிரும், குழந்தைக்குக் காதுக்குல்லாய் எடுத்துப்போவது நல்லது.

சென்னைக்கு வெளியே மார்கழியின் அழகு தெருவில் இருக்கிறது. விடியலில் போடும் கோலத்துக்கு விடுமுறையில்தான் பிள்ளைகள் கை கொடுக்க முடியும். ஒற்றைப்படைப் புள்ளிச் சிக்குக் கோலத்தை முதலில் காகிதத்தில் பென்சில் எடுக்காமல் போட்டுப் பழகினால், தரையில் மாவு சிந்தாமல் வரும். கலர்ப் பொடியைவிட அரிசி மாவு மேல், எறும்புக்கும் ஆயிற்று. திருவாதிரை சில ஆண்டு டிசம்பரிலும் சில ஆண்டு ஜனவரியிலும் வரும். அந்த நாளில் வறுத்த பச்சரிசி ரவை, பாசிப்பருப்பு, வெல்லம் சேர்த்துக் கிளறும் களியும், கிடைத்த காய்களையெல்லாம் போட்ட கூட்டும் சேர்ந்தால் வேறு விருந்து வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வீடுகளில்

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த வாரத்துக்குப் பொழுதுபோக்கு தேட வேண்டியதில்லை. டிசம்பர் தொடங்கியதிலிருந்தே மாலையில் பாடற்குழு வீடு வீடாகக் கீதம் பாடி வரும். வாசலில் நட்சத்திரம் தொங்கும். சிறுவர்களுக்கு உற்சாகமான வேலை குடில் கட்டுவது. இத்தாலியின் கிரேச்சோ ஊரில் 1223இல் அசிசி பிரான்சிஸ் அமைத்ததிலிருந்து பரவிய வழக்கம் இது என்பார்கள். கடையில் வாங்கும் அட்டைக் குடிலைவிடச் சொந்தமாகக் கட்டுவதில்தான் சுகம்: மூங்கில் குச்சி, வைக்கோல், களிமண், குன்றுக்குக் கசக்கிய பழுப்புக் காகிதம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தட்டில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ நெருக்கமாகத் தூவினால், 24ஆம் தேதிக்குள் பச்சைப் புல்தரை தயார். வைக்கோலுக்கு அருகே மெழுகுவத்தி வைக்கவே கூடாது. சிறிய எல்இடி விளக்குச் சரம் போதும்.

கத்தோலிக்க ஆலயங்களில் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி; தென்மாவட்டச் சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் 25ஆம் தேதி விடியற்காலை 4, 5 மணிக்கு ஆராதனை. பிற சமயத்தவர் போய் அமர்ந்து பார்க்கத் தடையில்லை. பின்வரிசையில் உட்காருவதும், ஊர்க் கோயிலில் செருப்பை வெளியே விடுவதும், நற்கருணை வாங்கும் வரிசையில் சேராமல் இருப்பதும் மரியாதை. சென்னையில் சாந்தோம், நாகப்பட்டினம் பக்கம் வேளாங்கண்ணி ஆகியவற்றில் கூட்டம் அலைமோதும். அமைதியை விரும்புவோருக்குத் தரங்கம்பாடி பொருந்தும். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 முதல் அங்கே நிற்கிறது; எதிரே கடலோரத்தில் டேனியர்களின் டான்ஸ்பர்க் கோட்டை. பகல் பொழுதுக்கு இரண்டும் சரியாக இருக்கும்.

பலகார வேலை குடும்பமே சேர்ந்து செய்யக்கூடியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. பெயரில் மட்டும்தான் முந்திரி. சிறுபயறை வாசம் வர வறுத்து, தோல் நீக்கிக் கரகரப்பாகப் பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கெட்டியான வெல்லப்பாகில் கிளறிச் சூட்டோடு சூடாகச் சிறு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும், ஆகவே நாலு கை வேண்டும். அடுத்த நாள், உருண்டை இறுகியபின், மஞ்சள்தூள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாகத் தோய்த்துக் கொத்தாக எண்ணெயில் விடுவார்கள். தேங்காயில் ஈரம் இல்லாமல் வறுத்திருந்தால் இரண்டு வாரம் கெடாது.

அச்சு முறுக்கு பார்வைக்கு எளிது, கைக்குச் சிக்கல். பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள் கலந்த மாவு தோசை மாவைவிடச் சற்றே நீர்க்க இருக்கட்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். அதை மாவில் முக்கால் பங்கு மட்டும் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழலாது. புது அச்சாக இருந்தால் ஓரிரவு கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவி மறுநாள் எடுக்க வேண்டும். முதல் நாலைந்து முறுக்கு ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அவை அடுப்பருகே நிற்கும் பிள்ளைகளின் பங்கு. சிறுவர்களே முழுதாகச் செய்யக்கூடியது கலகலா: பிசைந்த மைதாவின் சிறு உருண்டையைச் சுத்தமான புதுச் சீப்பின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் சங்கு வடிவம் வரும். பொரிப்பது மட்டும் பெரியவர் வேலை.

தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் முயல்வதைவிட வாங்குவதே சரி. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் மூன்றுதான் சரக்கு என்றாலும், மெதுவான சூட்டில் நெடுநேரம் உலர வேண்டும். மழைக்கால ஈரக் காற்றில் வீட்டு அடுப்பில் அது கைகூடுவதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும். பிளம் கேக்குக்குப் பழங்களை வாரக்கணக்கில் ஊறவைக்க மறந்தவர்கள், உலர்திராட்சையையும் பேரீச்சையையும் ஆரஞ்சுச் சாற்றில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம். சுட்ட அன்றைவிட இரண்டு நாள் கழித்து வெட்டினால் சுவை கூடியிருக்கும்.

இரவு வானம்

மழை மேகம் விலகிய இரவுகளில் இந்த வாரத்து வானத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இரவு 8 மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று விண்மீன்கள் நெருக்கமாக ஒரே கோட்டில் நிற்கும். அது ஓரியன் எனப்படும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதற்கு வடப்பக்கம் செம்மையாக ஒளிர்வதே திருவாதிரை. மார்கழிப் பௌர்ணமி நிலவு அதையொட்டி நிற்பதால்தான் அந்தத் திருவிழாவுக்கு அந்தப் பெயர். பட்டையின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. கீழ்நோக்கி நீட்டினால் வானத்து விண்மீன்களிலேயே பிரகாசமான சிரியஸ். இரவு 10 மணிக்குமேல் தெற்கில் தாழ்வாக ஒளிர்வது அகத்தியர் விண்மீன். லண்டனிலோ டெல்லிக்கு வெகு வடக்கிலோ இருப்பவர்களுக்குக் கிடைக்காத காட்சி இது. பறவைக்கு வாங்கிய பைனாகுலரைக் கார்த்திகையின் பக்கம் திருப்பினால் ஆறு மீன் பல மடங்காகும். ஆண்டின் சிறந்த எரிமீன் பொழிவுகளில் ஒன்றான ஜெமினிட்ஸ் டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சம் பெறுகிறது. பாவம், அது தேர்வுக்கு நடுவில் வந்து போய்விடும்.

மழை நாளுக்கும் நகர நாளுக்கும்

மழை பிடித்துக்கொண்டால் அருங்காட்சியகமும் நூலகமும் கைகொடுக்கும். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம் ஒன்றுக்கே அரை நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்கக் கூடாது. மதுரைப் பக்கம் உள்ளவர்களுக்கு 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. சென்னைப் புத்தகக் காட்சி சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். வார நாளில் கதவு திறந்ததும் போனால் நின்று புரட்டிப் பார்க்க இடமிருக்கும். பிள்ளையின் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அவர்களே தேர்ந்தெடுக்கவிட வேண்டும். பெற்றோர் தேர்ந்த நூல் அலமாரிக்குத்தான் போகும்.

வீட்டில் தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் உண்டு. தரையில் சாக்பீஸால் கட்டம் கீறினால் ஆடுபுலிக்குப் பலகையும் தேவையில்லை. பாட்டி இருக்கும் வீட்டில் விதிமுறைக்குப் புத்தகமும் வேண்டாம், அவர் விதியை அவ்வப்போது தமக்குச் சாதகமாக மாற்றுவார் என்றாலும்.

ஆண்டுக் கடைசி இரவு

டிசம்பர் 31 இரவு சென்னை மெரினாவை ஒட்டிய சாலைகளில் காவல்துறை போக்குவரத்தைத் தடுப்பதும், கடலில் இறங்கத் தடை விதிப்பதும் ஆண்டுதோறும் நடப்பது. சிறு பிள்ளைகளோடு அங்கே போவதில் அலைச்சலைத் தவிர ஒன்றும் கிடைக்காது. மொட்டை மாடியில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்தால் நள்ளிரவு வரை விழித்திருக்கலாம். ஆலயங்களில் அன்று நள்ளிரவு ஆராதனை. புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் அது முடிந்ததும் ஒவ்வொருவரும் வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்துக்கொள்வார்கள். ஜனவரி 1 காலை பெரிய கோயில்களில் வரிசை மிக நீளம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அந்தத் தொல்லை இல்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளைப் பயணமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். துணி துவைக்கவும், தாமதமாக எழுந்து பழகிய பிள்ளைகளை நேரத்தோடு படுக்கவைக்கவும் அந்த ஒரு நாள் தேவைப்படும். 10, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு அருகில் இருப்பதால் விடுமுறை முழுதுமே பிற்பகலில் இரண்டு மணி நேரம் பாடத்துக்குப் போகும். காலையை அவர்களுக்கும் விட்டுவைக்கலாம். முப்பருவ முறையில் படிக்கும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பருவப் பாடம் தேர்வோடு முடிந்துவிட்டது, மூன்றாம் பருவப் புத்தகத்தைப் பள்ளி திறந்ததும்தான் கொடுப்பார்கள். பழைய புத்தகங்களைப் பையிலிருந்து எடுத்து வைத்தால் போதும்.